சோலைமந்தியும் குளியலறைத் தவளையும்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வண்டலூரிலோ வால்பாறைச் சாலையிலோ சோலைமந்தியைப் பார்த்திருப்பீர்கள். சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் கிடையாது. தேயிலைத் தோட்டங்கள் காட்டைத் துண்டாக்கியதால், மரத்தை விட்டு இறங்கிச் சாலையைக் கடக்கும்போது வண்டிகளில் அடிபட்டது. வால்பாறை புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிக் கொடுத்தார்கள். கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டம் கைவிடப்பட்டதற்கும் இந்தக் குரங்கு ஒரு காரணம்.

அதே ஆனைமலையில், மரத்தில் வாழும் ஒரு தவளையும் உண்டு. விரலிடைச் சவ்வை விரித்து மரத்திலிருந்து மரத்துக்குச் சறுக்கும். 2000-ல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் சோலைமந்தி 'அழியும் ஆபத்தில்' இருக்கிறது. இந்தத் தவளையோ 2004-ல் அதைவிட ஒரு படி மோசமான நிலையில் பதிவானது. ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அதைத் தெரியும்?

தவளையின் பாடு இன்னும் சிரமம். குரங்குக்குத் தொடர்ச்சியான மரங்கள் வேண்டும். தவளைக்கு மரமும் வேண்டும், நீரும் வேண்டும். நீருக்கு மேலே இருக்கும் இலையில் நுரைக்கூடு கட்டி முட்டையிடும். தலைப்பிரட்டைகள் கீழே நீரில் விழுந்து வளரும். வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், இரண்டு கையெழுத்து வேண்டிய கணக்கு. ஒன்று குறைந்தாலும் செக் பாஸாகாது.

இதற்கும் அம்பத்தூருக்கும் என்ன சம்பந்தம்? நம் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்புத் தவளையும் அதே குடும்பம்தான். அதுவும் தொட்டி ஓரத்தில் நுரைக்கூடுதான் கட்டும். அது அழியும் பட்டியலில் இல்லை. இல்லாதபோதே பார்த்துக்கொள்வது சுலபம்.

மூன்று வேண்டுகோள்.

1. தவளையைக் கண்டால் உப்போ பினாயிலோ ஊற்றாதீர்கள். அதன் தோல் எதையும் உறிஞ்சிவிடும். ஒரு மக்கில் பிடித்துத் தோட்டத்தில் விடுங்கள்.

2. தொட்டியில் நுரைக்கூடு இருந்தால் கழுவித் தள்ள வேண்டாம். தோட்டக்காரரிடம் சொன்னால் அல்லிக்குளத் தொட்டியின் ஓரத்துக்கு மாற்றிவிடுவார்.

3. பின்பக்க மண்தரை முழுவதும் டைல்ஸ் போடும் தீர்மானம் இன்று வருகிறது. நடைபாதைக்கு மட்டும் போடுவோம். மாமரத்தைச் சுற்றி மண்ணாகவே இருக்கட்டும், மழைநீரும் இறங்கும்.

தவளை கொசுவை ஒழித்துவிடும் என்று சொல்ல வரவில்லை. பூச்சிகளைத் தின்னும், நமக்குத் தொந்தரவு இல்லை. அதற்கு நாம் பாலம் கட்ட வேண்டியதில்லை, கொஞ்சம் மண்ணை விட்டுவைத்தால் போதும்.