மனோரமாவின் நடிப்புத் தொழில்



திரைப்பட நடிகை ஒருவரைப் பற்றி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் பேச வந்திருக்கிறாரே என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். சினிமாப் பித்து ஆகாது என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். ஆயினும் ஒருவர் ஒரு தொழிலை எவ்வாறு கற்றார், அதில் எவ்வாறு நிலைத்தார், அத்தொழிலை அவர் எந்த நிலையில் கண்டார், எந்த நிலையில் விட்டுச் சென்றார் என்று ஆராய்வது கல்விக்குப் புறம்பான செய்தி அன்று. அத்தகைய ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்டவர் மனோரமா. 1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்து, 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் மறைந்தவர். மேடை, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய நான்கிலும் நடித்தவர். பன்னிரண்டு வயதுக்குள் பள்ளியை விட்டு நின்றுவிட்ட ஒரு சிறுமி, தமிழின் இத்தனை பேச்சு வழக்குகளை எங்கே கற்றார்? இதுவே நான் இன்று எழுப்பும் வினா.

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. தந்தையின் ஆதரவு இல்லாமற் போகவே, தாயார் கைக்குழந்தையோடு காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூரில் வந்து குடியேறினார். பிறர் வீடுகளில் வேலை செய்து மகளை வளர்த்தார். தாயார் நோயுற்றபோது மகளின் படிப்பு நின்றது. பிழைப்புக்கு வழி வேண்டும். குரலோ இனிய குரல். ஊர்ப்புறத்து நாடக மேடைகளில் பாடவும் ஆடவும் தொடங்கிய அச்சிறுமியைப் 'பள்ளத்தூர் பாப்பா' என்று அழைத்தனர். மனோரமா என்னும் பெயர் அவருக்கு மேடையில் கிடைத்த பெயரே.

அந்நாளில் நாடக மேடை ஏறும் பெண்ணுக்குச் சமூகத்தில் என்ன மதிப்பு இருந்தது என்பதை இன்றைய மாணவர்கள் எளிதில் உணரமாட்டீர்கள். திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியில் உள்ளது எங்கள் பனவடலிசத்திரம். இக்கரிசற் சீமையின் ஊர்களில் கோவில் கொடையை ஒட்டி நடைபெறும் இரவு நாடகங்களை நீங்களும் பார்த்திருக்கலாம். ஸ்பெஷல் நாடகம் என்று அதனை வழங்குவர். வள்ளி ஒருவர், முருகன் ஒருவர், நாரதர் ஒருவர் என்று வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே வந்து மேடையில் ஒன்று சேருவர். கதை தொடங்குவதற்கு முன் பபூனும், டான்ஸ் என்றே பெயர் பெற்ற ஆட்டக்காரப் பெண்ணும் வந்து ஊரைச் சிரிக்க வைப்பர். ஊர் சிரிக்கும், கைதட்டும். விடிந்த பின்போ, வள்ளி வேடமிட்ட அம்மையாருக்குத் தரும் மரியாதையை அந்த ஆட்டக்காரப் பெண்ணுக்குத் தராது. சிரிக்க வைத்தவளை ஏன் ஒரு படி கீழே வைத்தோம் என்று நம்முள் எவரும் கேட்டதில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் திரும்பி வருவேன்.

வைரம் நாடக சபாவிலும், பின்னர் எஸ். எஸ். இராஜேந்திரன் அவர்களின் நாடகக் குழுவிலும் அவர் நடித்தார். பக்கம் பக்கமாக வசனம் மனப்பாடம் செய்தல், கடைசி வரிசையில் இருப்பவர் செவிக்கும் எட்டுமாறு சொல்லைத் தெளிவாக உச்சரித்தல், எதிரில் நிற்பவர் தடுமாறினால் அதனை வெளியே தெரியாமல் சமாளித்தல் ஆகியவை அங்கு அன்றாடப் பாடங்கள். இளம் வயதில் நிகழ்ந்த திருமணம் நிலைக்கவில்லை. ஒரு மகனையும் தாயாரையும் காக்கும் பொறுப்பு அவர் தலைமேல் இருந்தது.

1958-ஆம் ஆண்டில் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' அவரைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தது. கிடைத்தது நகைச்சுவை வேடம். மேடையில் கதாநாயகியாக நடித்தவருக்கு அது தாழ்வாகத் தோன்றியிருக்கிறது. கதாநாயகியானால் சில ஆண்டுகளே நிலைக்கலாம், நகைச்சுவையோ நெடுங்காலம் நிற்கும் என்று கண்ணதாசன் எடுத்துரைத்ததாகச் சொல்வர். 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸார் 'கொஞ்சும் குமரி'யில் அவரையே கதாநாயகியாக்கினர். எனினும் அவர் மீண்டும் நகைச்சுவைக்கே திரும்பினார்.

அதற்கு முன் தமிழ்த் திரையில் நகைச்சுவை நடிகைகள் இல்லையா என்றால், இருந்தனர். டி. ஏ. மதுரம் அம்மையாரை மறக்க இயலுமா? ஆனால் மதுரம் என்றதும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் பெயரும் உடன் வந்துவிடும். நகைச்சுவை நடிகை என்பவள் ஒரு நகைச்சுவை நடிகரின் இணை. அவ்வளவே என்ற எண்ணம் நிலவியது. 1957-இல் கலைவாணர் மறைந்தார். அடுத்த ஆண்டு திரைக்கு வந்த மனோரமாவும் தொடக்கத்தில் இணையாகவே கருதப்பட்டார். நாகேஷுடன் நடித்தார், சோவுடன் நடித்தார், தேங்காய் சீனிவாசனுடனும் சுருளிராஜனுடனும் நடித்தார். இணைகள் மாறிக்கொண்டே இருந்தன. அவர் மட்டும் நிலைத்து நின்றார். நகைச்சுவை நடிகை தன் காலிலேயே நிற்க முடியும் என்பது அப்பொழுதுதான் தமிழ்ப் படவுலகுக்குப் புலப்பட்டது. ஆயிரம் படங்கள் என்ற கணக்கைவிட இதனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி, முன்பு சொன்ன ஆட்டக்காரப் பெண்ணிடம் வருவோம். 1968-இல் ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில், கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதை 'தில்லானா மோகனாம்பாள்' திரைப்படமாக வெளிவந்தது. சிவாஜி கணேசன் நாதசுர வித்துவான். பத்மினி பரதநாட்டியக் கலைஞர். இரண்டும் உயர்ந்த கலைகள், ஊர் போற்றும் கலைகள். அவற்றுக்கு நடுவே ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரி ஒருத்தி வருகிறாள். பளபளக்கும் உடை, வாய் ஓயாத பேச்சு. பார்த்தவுடன் சிரிப்பு வரும். ஆனால் அந்த நாதசுரக் கலைஞனின்முன் அவள் நிற்கும் நிலையைக் கவனியுங்கள். தன் கலை எந்தப் படியில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அவள் அறிவாள். பெரிய வித்தையைக் கண்டால் வணங்கவும் அறிவாள். அதற்காகத் தன்னை இழிவாக எண்ணிக்கொள்ளவும் மாட்டாள். விடிந்ததும் ஊர் மறந்துவிடும் அந்தப் பெண்ணுக்கு ஒரு நெஞ்சு உண்டு என்று காட்டிய நடிப்பு அது. அவ்வுலகை மனோரமா ஏட்டில் படித்தவர் அல்லர். அதன் அருகே வளர்ந்தவர்.

அவருடைய பேச்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம் பள்ளிகளில் எழுத்துத் தமிழ் ஒன்றையே கற்பிக்கிறோம், அது வேண்டுவதே. ஆனால் தமிழ் மக்கள் நாவில் வழங்கும் தமிழ் ஒன்று அன்று, பல. மனோரமா சென்னைப் பேச்சைப் பேசினால் அங்கேயே பிறந்தவர் என்பீர்கள். 1968-இல் வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் அப்பேச்சிலேயே ஒரு பாடலையும் தம் குரலில் பாடினார். 1992-இல் வந்த 'சின்னக் கவுண்டர்' படத்தில் கொங்கு நாட்டுத் தாயாகப் பல் எடுப்பாகத் தோன்றினார். அழகாகத் தோன்ற வேண்டும் என்ற கவலை நடிகையருக்கு இயல்பு. அதனை அவர் எளிதாக விட்டுவிட்டார்.

'ஆச்சி' என்ற பெயரும் பேச்சினால் வந்ததே. 'காப்புக்கட்டிச் சத்திரம்' என்ற வானொலித் தொடர் நாடகத்தில் அவர் செட்டிநாட்டு வழக்கில் பேசி நடித்தார். அதன் பின்னரே ஆச்சி என்று அழைக்கலாயினர் என்பர். நம் நெல்லைப் பகுதியில் ஆச்சி என்றால் பாட்டி. செட்டிநாட்டில் அது பெண்களை மரியாதையோடு அழைக்கும் சொல். முகம் தெரியாத வானொலியில், குரல் ஒன்றைக் கொண்டே ஒரு நடிகை வாழ்நாள் முழுவதற்கும் நிற்கும் பெயரைப் பெற்றார் என்பது வானொலி நேயர்களாகிய நமக்குப் பெருமை தரும் செய்தி.

1986-இல் விசு இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் அவர் ஏற்றது கண்ணம்மா என்ற வேலைக்காரி வேடம். குடும்பத் தலைவரால் தீர்க்க இயலாத சிக்கலை, அவள் தன் வாய்ச் சண்டையால் தீர்த்துவைக்கிறாள். அச்சண்டையைப் பார்த்துத் தமிழ்நாடே சிரித்தது. பள்ளத்தூரில் பிறர் வீட்டில் உழைத்த தாயாரின் மகள் அந்த வேடத்தை ஏற்றார் என்பதை எண்ணியபொழுது, எனக்குச் சிரிப்போடு வேறோர் உணர்ச்சியும் தோன்றியது.

பரிசுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 'புதிய பாதை' படத்துக்காக, 1989-ஆம் ஆண்டின் சிறந்த துணை நடிகைக்குரிய தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. 2002-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்தமைக்காகக் கின்னஸ் நூலிலும் இடம் பெற்றார். அண்ணாவோடும் கலைஞரோடும் மேடையிலும், எம். ஜி. ஆர்., ஜெயலலிதா, என். டி. ராமராவ் ஆகியோருடன் திரையிலும் நடித்தவர். ஐவரும் முதலமைச்சர் ஆனவர்கள். அத்தனை படங்களும் சிறந்தவையா என்று கேட்டால், அல்ல என்றுதான் சொல்வேன். கதையோடு ஒட்டாமல் நகைச்சுவைப் பகுதியைத் தனியே எழுதிச் சேர்த்த படங்கள் பல. அவற்றில் அவருடைய உழைப்பு வீணாயிற்று.

வயது ஏறியதும் தாய் வேடங்களும் பாட்டி வேடங்களும் வந்தன. விருதுநகர் அருகே பிறந்து 2012-இல் மறைந்த எஸ். என். லட்சுமி அம்மையாரும் அவ்வழியே நெடுங்காலம் நடித்தவர். 1964-இல் 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷின் தாயாக வந்தவர் அவரே. மனோரமா 1991-இல் 'சின்னத்தம்பி'யில் கள்ளமற்ற மகனுக்காகத் துன்புறும் தாயானார். அதற்கு முந்திய ஆண்டில்தான் 'நடிகன்' படத்தில் முதுமைக் காதலால் நாட்டைச் சிரிக்க வைத்திருந்தார். பின்னர்த் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். மேடையில் தொலைவில் இருப்பவருக்காகப் பேசிப் பழகிய குரல், வீட்டுக் கூடத்தில் நாலு பேர் அமர்ந்து பார்க்கும் சின்னத்திரைக்கு ஏற்பத் தணிந்தது.

அவர் நடித்த பழைய படங்களை இப்பொழுது வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. வாய்ப்புக் கிடைக்கும்பொழுது ஜில் ஜில் ரமாமணி வரும் காட்சியை ஒருமுறை பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, குரலை மட்டும் மறுமுறை கேளுங்கள். எந்தச் சொல்லில் அவள் சிரிக்க வைக்கிறாள், எந்தச் சொல்லில் சிரிப்பு நின்றுவிடுகிறது என்று குறித்து வைத்து, உங்கள் தமிழாசிரியரிடம் காட்டுங்கள்.