கேட்பவரைக் கேட்பவர்

கைக்குழந்தைக்கும் மனம் உண்டு. அந்த மனத்துக்குத் துயரமும் உண்டு.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பணிபுரிந்த செல்மா ஃப்ரைபெர்க் என்ற அம்மையார், தம் சகாக்கள் இருவரோடு 1975-ல் வெளியிட்ட கட்டுரையில், ஓர் இளந்தாயைப் பற்றி எழுதியிருக்கிறார். குழந்தை வீறிட்டு அழுகிறது. தாயோ அது காதில் விழாதவள்போல் வேறெங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிடுவது சுலபம். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. இவளுக்கு ஏன் இந்த அழுகை கேட்கவில்லை என்று யோசித்தார்கள். பால்யத்தில் இவள் அழுத அழுகையை ஒருவரும் கேட்டதில்லை என்பது மெல்லப் புலப்பட்டது. அவளுடைய வீட்டுக்கே சென்று, அந்தப் பழைய துக்கத்தை ஒருவர் பொறுமையோடு கேட்கக் கேட்க, அவள் தானாகவே தன் குழந்தையை வாரி அணைக்கத் தொடங்கினாள். எவ்வளவு பெரிய காரியம், பாருங்கள்! உபதேசமே இல்லை. கேட்டார்கள், அவ்வளவுதான்.

ஆனால், கேட்கிறவருடைய மனமும் கனக்கும் அல்லவா? தாயின் மீது கோபம் வரும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றும். ஆகையால், கைக்குழந்தைகளின் மனநலத்தைப் பேணும் துறையில் குடும்பங்களுக்கு உதவும் ஊழியர்கள், அனுபவம் முதிர்ந்த ஒருவரிடம் முறை தவறாமல் சென்று, தாம் கண்டவற்றையும், அப்போது தம் உள்ளத்தில் எழுந்த சஞ்சலங்களையும் மனம் திறந்து சொல்வதைத் தங்கள் பணியின் ஓர் அங்கமாகவே வைத்திருக்கிறார்கள். அது விசாரணை அன்று, பரீட்சையும் அன்று. தாயை ஒருவர் கேட்கிறார். கேட்டவரை இன்னொருவர் கேட்கிறார்.

வீடு வீடாகச் செல்லும் செவிலியரோ ஊழியரோ உங்கள் குடும்பத்தில் இருந்தால், இன்று மாலை அவர் திரும்பி வந்ததும், எத்தனை வீடு முடிந்தது என்று கேட்பதற்கு முன்னால், அங்கே உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள்.