கிளேட்டனில் கிடக்கும் ஆறு இரும்புத் துண்டுகள்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மெல்பர்னைப் பத்திப் பேசுப்பா, மேல்படிப்புக்குப் போற பசங்களுக்கு உதவியா இருக்கும்" என்று செயலாளர் அண்ணன் போனில் சொன்னார். ஊரைப் பற்றிப் பேசு என்றால் ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்தின் மஞ்சள் கட்டடம், ஒரு லட்சம் பேர் உட்காரும் கிரிக்கெட் மைதானம் என்று ஆரம்பிக்க வேண்டும். அதெல்லாம் நீங்கள் டி.வி.யில் பார்த்தவைதான். நான் உங்களை ஒரு பாலத்துக்கும் ஒரு தோட்டத்துக்கும் கூட்டிப்போகிறேன்.

நான் குடியிருப்பது பாயின்ட் குக். நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கும் புறநகர். பக்கத்தில் வெர்ரிபி, டார்னைட். நம்மூர்க்காரர்கள் நிறையப் பேர் வீடு வாங்குகிற பகுதி. கடையில் நின்றால் பஞ்சாபி, தெலுங்கு, தமிழ் எல்லாம் காதில் விழும். வேலை நகரத்துக்குக் கிழக்கே. நடுவில் யாரா ஆறு. ஆக, தினமும் காலையில் வெஸ்ட் கேட் பாலம்.

ஒரு காலத்தில் இந்த மேற்குப் பகுதி முழுக்கத் தொழிற்சாலைகளும் தொழிலாளர் வீடுகளும்தான். ஃபுட்ஸ்கிரே, யாராவில், ஸ்பாட்ஸ்வுட் எல்லாம் அப்படி. இந்தப் பகுதியை நகரத்தோடு இணைக்கத்தான் 1968-ல் பாலம் கட்ட ஆரம்பித்தார்கள். இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் நீளம். நடுவில் கப்பல் போகிற அளவுக்கு உயரம்.

சிவில் தம்பிகள் கொஞ்சம் கவனியுங்கள். மேற்குப் பக்கத்து இரும்பு பாக்ஸ் கர்டரை நீளவாக்கில் இரண்டு பாதியாகத் தரையில் செய்து, தூணுக்கு மேலே ஏற்றி, அங்கே சேர்த்துப் போல்ட் போடுவது திட்டம். 10-ஆம் தூணுக்கும் 11-ஆம் தூணுக்கும் நடுவில் 112 மீட்டர் ஸ்பான். ஏற்றிப் பார்த்தால் இரண்டு பாதிக்கும் கேம்பரில் 11.4 சென்டிமீட்டர் வித்தியாசம். இரண்டு சாண்கூட இல்லை, அரை சாண்! இறக்கிச் சரிசெய்தால் நாளும் பணமும் போகும். அதனால் உயர்ந்து நின்ற பாதியை அமுக்க, ஒவ்வொன்றும் 8 டன் எடையுள்ள கான்கிரீட் பாளங்கள் பத்தை அதன் மேல் வைத்தார்கள். மேல் தகடு புடைத்துக்கொண்டது. பக்கிளிங். சில வாரம் கழித்து, அந்தப் புடைப்பை எடுக்கப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள்.

1970 அக்டோபர் 15, பகல் 11.50. இரண்டாயிரம் டன் இரும்பும் கான்கிரீட்டும் 50 மீட்டர் கீழே வந்து விழுந்தது. பாலத்துக்கு நேர் கீழேதான் தொழிலாளர்களின் ஓய்வுக் குடில்கள். மேலே வேலை செய்தவர்கள், கீழே இருந்தவர்கள் என்று 35 பேர் இறந்துபோனார்கள்.

இதில் என்னை ரொம்ப உறுத்துவது வேறொன்று. அதே ஆண்டு ஜூனில் வேல்ஸ் நாட்டு மில்ஃபோர்டு ஹேவனில் இதே மாதிரி பாக்ஸ் கர்டர் பாலம் கட்டும்போதே விழுந்து நாலு பேர் இறந்திருந்தார்கள். மெல்பர்ன் தொழிலாளர்கள் பயந்து கேட்டார்கள். "இங்கே ஒன்றும் ஆகாது" என்று படித்தவர்கள் சொன்னார்கள். 1971-ல் அறிக்கை தந்த விசாரணை கமிஷன் ஒருவரை மட்டும் குற்றம் சொல்லவில்லை. வடிவமைத்தவர், கட்டியவர், எல்லாருக்கும் பங்கு என்றது. பாலம் திறக்க 1978 ஆயிற்று.

இனி தோட்டம். நகரத்துக்குத் தென்கிழக்கே 20 கிலோமீட்டரில் கிளேட்டன். மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் அங்கேதான். 2013-ல் எம்.எஸ். படிக்க அங்கே போனேன். ஹன்டிங்டேல் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்தால் கொஞ்ச நேரம்தான். இன்ஜினியரிங் பிளாக் பக்கத்துத் தோட்டத்தில் முறுக்கிப் பிழிந்த ஆறு இரும்புத் துண்டுகள் கிடக்கும். விழுந்த பாலத்தின் துண்டுகள். படிக்கிற பிள்ளைகள் கண்ணில் படட்டும் என்றே வைத்திருக்கிறார்கள். (அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த ஜான் மோனாஷும் பாலம் கட்டிய இன்ஜினியர்தான். 100 டாலர் நோட்டில் அவர் படம் இருக்கிறது. அவர் நிறுவனம் பெண்டிகோவில் கட்டிய ஒரு பாலமும் 1901-ல் பாரச் சோதனையின்போது விழுந்து ஓர் உயிர் போனது.)

அந்தத் துண்டுகளை முதன்முதலில் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் என்னிடமும் ஓர் 'அரை சாண்' இருந்தது.

இங்கே படித்து முடித்ததும் ஒரு தொழிற்சாலை ஷெட் வேலையில் சைட் இன்ஜினியராகச் சேர்ந்தேன். கூரை டிரஸ் ஏற்றும்போது நாலு ஜாயின்ட்டில் போல்ட் ஓட்டைகள் சேரவில்லை. "கேஸ் கட்டர்ல ஓட்டையைப் பெரிசாக்கி வாஷர் போட்டுடலாம் சார், யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் ஃபோர்மேன். என் மேலதிகாரி, நம் கல்லூரி சீனியர்தான், "சரி, முடிங்கப்பா" என்றார். நான் தலையாட்டினேன். ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது என்பதெல்லாம் சமாதானம் ஆகாது.

கிளேட்டனிலிருந்து அவருக்கு மெயில் எழுதினேன். "ஏம்ப்பா, நாலு வருஷமா நிக்குதுல்ல? விடு" என்று பதில் வந்தது. விட மனசு வரவில்லை. அந்த ஷெட்டின் சொந்தக்காரருக்கே எந்தெந்த ஜாயின்ட் என்று படம் போட்டு அனுப்பிவிட்டேன். சாரம் கட்டி ஏறிப் பார்த்தார்கள். இரண்டு ஜாயின்ட்டில் வாஷரே இல்லை, போல்ட் நகர்ந்திருந்தது. புதுத் தகடு வைத்துச் சரிசெய்தார்கள். செலவு சீனியர் வேலை பார்த்த நிறுவனத்தின் தலையில் விழுந்தது. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வும் போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எனக்கு முதல் வேலை வாங்கித் தந்தவர் அவர். முதல் சம்பளம் வருகிறவரை அவர் வீட்டில்தான் சாப்பாடு. நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவரை ஒரு தடவை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு எழுதியிருக்கலாம். அதைச் செய்யவில்லை.

மெல்பர்ன் வருகிற தம்பி தங்கைகள் என் வீட்டுக்கு வாருங்கள். பாலத்தின் மேற்குக் கரையில், 35 பேர் நினைவாக ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. ஒவ்வொரு அக்டோபர் 15-ம் அங்கே கூடுவார்கள். கூட்டிப்போகிறேன்.

இந்த உரை மலரில் அச்சாகும் என்று செயலாளர் சொன்னார். இன்று அண்ணன் வரவில்லை போலிருக்கிறது. படித்தால், அண்ணே, மெயில் முகவரி மாறவில்லை.