பெட்டிக்கும் மூச்சு வேண்டும்



பிள்ளைகள் தாங்களே கணினிப் பெட்டி செய்யும் காலம் இது. “நம்ம கியா பார்ம் குளிர் ஊருதானே, சூடு ஏறுமா?” என்று கேட்கலாம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றுவது பவர் சப்ளை. 80 விழுக்காடு திறனுள்ள ஒன்று 400 வாட் இழுத்தால், 80 வாட் அதனுள்ளேயே சூடாகிப்போகும். மூடிய பெட்டிக்குள் ஊர்க்குளிர் நுழையாது.

சுங்கை பாலாஸ் ஆலையில் கொழுந்து வாட்டுவதை எண்ணிப் பாருங்கள். காற்றாடி ஊதும் காற்று கொழுந்தினூடே மேலேறி ஈரத்தைக் கொண்டுபோகும். கொழுந்தைத் திணித்தால் காற்று ஏறுமா? இங்கேயும் அப்படித்தான்.

பவர் சப்ளையை அடியில் வைத்து, காற்றாடியைக் கீழ்நோக்கித் திருப்பினால், அந்த இடத்தில் துளைகளும் தூசி வலையும் வேண்டும். பெட்டிக்கு உயரமான கால்களும் வேண்டும். அடியில் துளை இல்லையென்றால் காற்றாடி மேல்நோக்கி இருக்கட்டும். சூடான காற்று பின்பக்கமாக வெளியேறும். ஆகவே சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், துணி போர்த்தாதீர்கள்.

மாணவர்களே, பவர் சப்ளையை மட்டும் ஒருநாளும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து.

அப்பா அம்மா மழையிலும் பனியிலும் உழைத்த காசில் வாங்கும் பொருள் அது. காற்றுக்கு வழிவிட்டால் நெடுநாள் உழைக்கும்.