வாயைக் காட்டுமுன் வாய் திறந்து பேசுவோம்
(கதிரவெளியில் தோட்டத் தொழிலாளர் மத்தியில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



பல்லு டொக்டரிடம் போவதென்றால் நம்மில் பலருக்கு மூன்று தயக்கம். ஊசிக்குப் பயம். வெத்திலைக் காவியைப் பார்த்து ஏசுவார்களோ என்ற வெட்கம். வாழைச்சேனைக்குப் போய்வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற கவலை. மூன்றும் நியாயமானவைதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்.

நம் நாட்டின் மத்திய பகுதிக் கிராமங்களில் சுகாதார ஊழியர்கள் 28,000க்கும் மேற்பட்டோரின் வாயைப் பரிசோதித்த விபரம் 1984இல் வெளிவந்தது. சந்தேகத்தின் பேரில் மேல் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் போகவேயில்லை! நோய் இருக்கிறதா என்று அறியும் வழி இருந்தும் ஆள் போய்ச் சேரவில்லை.

ஆகவே நல்ல பற்சிகிச்சை என்பது ஆளின் கஷ்டத்தைக் கேட்பதில் தொடங்க வேண்டும். கேட்காவிட்டால் நாமே சொல்லுவோம். "ஐயா, எனக்குப் பயமாக இருக்கு. என்ன செய்யப் போறீங்க? நொந்தால் கையைத் தூக்கிறன், நிப்பாட்டுங்க" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. பற்காறை எடுப்பது, பல் அடைப்பது எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியுமா என்றும் கேட்கலாம். நீரிழிவு, பிறஷர், கர்ப்பம் இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். வெத்திலை போடுவதையும் மறைக்கக் கூடாது.

புகையிலை இல்லாமல் போட்டால் தோஷமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது பிழை. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2003இல் அறிவித்தது. வெத்திலையைக் கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டு தூங்குவது இன்னும் மோசம்.

இரண்டு கிழமையாகியும் ஆறாத புண், வெள்ளையோ சிவப்போ ஆன தழும்பு, உறைப்புப் பட்டால் எரிவு, மூன்று விரல் நுழையுமளவுக்கு வாய் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே காட்டுங்கள். நோகவில்லையே என்று இருந்துவிட வேண்டாம். ஆரம்பத்தில் நோகாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் இல்லை.

துண்டு கிடைத்தவுடன் எங்களிடம் கொண்டு வாருங்கள். லீவு பற்றி நிர்வாகத்துடன் நாங்கள் பேசுகிறோம். துணைக்கு ஆள் இல்லையென்றால் கூடவே வருகிறோம். அந்தத் துண்டு மட்டும் பெட்டிக்குள் கிடக்கக் கூடாது.