காயமுற்ற தொழிலாளியும் காத்திருக்க வேண்டிய இடமும்

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை போன்ற ஊர்களில் நம் சமுதாயத்தவர் தலைமுறை தலைமுறையாகத் தோல் தொழிலில் ஈடுபட்டுவருவதை நாம் அறிவோம். அங்கே ஆலையின் உரிமையாளரும் அதே ஆலையில் உழைப்பவரும் ஜும்ஆவில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். அந்தத் தொழிலில் ஆபத்தும் இருக்கிறது. சுழலும் டிரம், சதை நீக்கும் இயந்திரம், தோலின் கனத்தைச் சீவும் இயந்திரம் ஆகியவற்றின் அருகே கணநேரக் கவனக்குறைவு ஒரு கையின் விரல்களைப் பறித்துவிடுகிறது.

விபத்து நடந்த அன்று எல்லோருடைய உள்ளமும் இளகுகிறது. மருத்துவமனைக்கு விரைகிறோம். செலவைக் கொடுக்கிறோம். துஆச் செய்கிறோம். ஆனால் நான்கு மாதங்கள் கழித்து, காயம் ஆறி, அந்தச் சகோதரர் ஆலை வாசலில் வந்து நிற்கும்போது என்ன நடக்கிறது? “உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் பாய், தேவைப்படும்போது சொல்லி அனுப்புகிறோம்” என்று கனிவாகவே கூறப்படுகிறது. சொல்லி அனுப்பும் அந்த நாள் வருவதேயில்லை. சென்ற ரமளானில் தன் குடும்பத்தாருக்காக ஃபித்ரா கொடுத்த மனிதர், அடுத்த ரமளானில் ஃபித்ரா பெறுவோர் பட்டியலில் இடம்பெறுகிறார். அவருடைய இயந்திரத்தில் வேறொருவர் நிற்கிறார்.

சகோதரர்களே! சிகிச்சைக்கும் நஷ்டஈட்டுக்கும் பணம் கொடுத்ததோடு நம் பொறுப்பு முடிந்துவிடுகிறதா? அவருடைய இடத்தை அவருக்காகக் காத்துவைத்து, அவர் திரும்பி வருவதற்கு முறையாக வழிவகுத்துக் கொடுப்பதும் நம் கடமைதானா? இதையே இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

பளுவைச் சுமத்தினால் கைகொடுங்கள்

மூஸா (அலை) அவர்கள் மத்யனில் கூலிக்கு அமர்த்தப்பட்ட வரலாற்றை அல்லாஹ் அல்கஸஸ் அத்தியாயத்தில் எடுத்துரைக்கின்றான். எட்டு ஆண்டு வேலை, விரும்பினால் பத்து ஆண்டு என்று தவணை பேசிய அந்தப் பெரியவர், அதே பேச்சில் ஓர் உறுதிமொழியும் அளிக்கின்றார். உமக்குச் சிரமம் கொடுக்க நான் விரும்பவில்லை என்பதே அதன் கருத்து. வேலை ஒப்பந்தம் என்றால் காலமும் கூலியும் மட்டுமல்ல, உழைப்பவரை வருத்தமாட்டேன் என்ற வாக்கும் அதில் அடங்கும் என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம்.

அபூதர் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் அளித்த அறிவுரை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. உங்களிடம் பணிபுரிவோர் உங்கள் சகோதரர்கள், அவர்களால் தாங்க இயலாததை அவர்கள் மீது சுமத்தாதீர்கள், அப்படிச் சுமத்த நேர்ந்தால் நீங்களும் அவர்களுக்கு உதவுங்கள் என்பது அதன் சாரம். இதில் இரண்டாவது பகுதியைக் கவனியுங்கள். தாங்க இயலாதவரை நீக்கிவிடுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறவில்லை. உதவி செய்து அவரை வேலையில் நிலைக்கச் செய்யும்படியே வழிகாட்டியுள்ளார்கள்.

தொழுகை கற்றுத்தரும் பாடம்

இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் மூலநோயால் அவதிப்பட்டபோது, தொழுகையைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நின்று தொழ வேண்டும், இயலாவிட்டால் அமர்ந்து, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்று படிப்படியாக வழி சொல்லப்பட்டது. கடமை நீங்கவில்லை, அதன் வடிவம்தான் சக்திக்கேற்ப மாறியது.

இதோடு நிற்கவில்லை. அமர்ந்து தொழுதுகொண்டிருப்பவருக்குத் தொழுகையின் நடுவிலேயே நிற்கும் வலிமை வந்துவிட்டால், அவர் எழுந்து நின்று எஞ்சியதைத் தொடர வேண்டும் என்பது நம் ஃபிக்ஹு இமாம்கள் பலரின் முடிவாகும். எவ்வளவு முடியுமோ அவ்வளவில் தொடங்கு, வலிமை கூடக்கூட உயர்ந்து செல் என்பதே ஷரீஅத்தின் வழி. காயம் ஆறிய தொழிலாளிக்கு, ஒன்று முழு வேலை, இல்லையேல் வீடு என்று இரண்டே வழியை மட்டும் வைப்பது இந்த வழிக்கு முற்றிலும் புறம்பானதாகும்.

ஸஹாபாக்களின் வாழ்வில்

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கண்பார்வையற்றவர்கள். ஃபஜ்ருடைய பாங்கு சொல்ல வேண்டுமானால் வைகறை புலர்ந்ததை அறிய வேண்டும். அதைக் காண அவர்களுக்குக் கண்ணில்லை. ஆயினும் அந்தப் பொறுப்பு அவர்களுக்கே வழங்கப்பட்டது. விடிந்துவிட்டது என்று மக்கள் தெரிவித்தவுடன் அவர்கள் பாங்கு சொல்வார்கள் என்று புகாரியில் காண்கிறோம். இரவின் இறுதியில் பிலால் (ரலி), ஃபஜ்ர் நேரத்தில் இப்னு உம்மி மக்தூம் (ரலி) என வேலை பகிரப்பட்டிருந்தது. பார்த்துச் சொல்வதற்கு ஒருவர், பாங்கொலிக்கு அவர். ஒரு சிறு உதவி, ஒரு மகத்தான பதவியை அவர்களுக்கு உரியதாக்கிற்று. நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது ஒன்றுக்கு மேற்பட்ட முறை மதீனாவின் பொறுப்பும் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது.

தல்ஹா (ரலி) அவர்கள் உஹதுப் போரில் பெருமானார் (ஸல்) அவர்களைக் காக்கத் தம் கரத்தைக் கேடயமாக்கினார்கள். அந்தக் கரம் செயலிழந்துபோயிற்று. அது நிகழ்ந்தது ஹிஜ்ரி 3இல். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 23இல், அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க உமர் (ரலி) அவர்கள் நியமித்த அறுவரில் தல்ஹா (ரலி) அவர்களும் ஒருவர். செயலிழந்த கரத்தைக் காரணம் காட்டி அவர்களை எவரும் ஒதுக்கிவைக்கவில்லை.

அதே உமர் (ரலி) அவர்கள், பார்வையிழந்த முதிய யூதர் ஒருவர் யாசிப்பதைக் கண்டு துடித்த நிகழ்ச்சியை இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் கிதாபுல் கராஜில் பதிவுசெய்துள்ளார்கள். வாலிபத்தில் ஒருவரிடம் பெற்றுக்கொண்டு முதுமையில் அவரைக் கைவிடுவது நீதியாகாது என்று கூறி, பைத்துல்மாலிலிருந்து அவருக்கு உதவ ஆணையிட்டார்கள். எனவே நம்மிடம் உழைப்பவர் முஸ்லிமா, முஸ்லிமல்லாதவரா என்ற பேதம் இக்கடமையில் இல்லை.

உரிமையாளர்கள் செய்ய வேண்டியவை

கண்ணியமிக்க முதலாளிமார்களே! நல்லெண்ணம் மட்டும் போதாது, திட்டமும் வேண்டும்.

முதலாவது, நோய் விசாரிக்கும் சுன்னத். விபத்து நடந்த முதல் சில நாட்களிலேயே நீங்களே நேரில் செல்லுங்கள். பழக்கூடையோடு ஒரு வாக்கையும் எடுத்துச் செல்லுங்கள். “உங்கள் இடம் அப்படியே இருக்கிறது” என்ற ஒரு சொல், மருந்தைவிட விரைவில் வேலை செய்யும். ஆலையைவிட்டு விலகியிருக்கும் காலம் நீள நீள, திரும்பி வரும் துணிவு குறைந்துகொண்டே போகிறது.

இரண்டாவது, மருத்துவரிடம் தெளிவாகக் கேட்பது. “இவர் வேலை செய்யலாமா?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இவருடைய வேலை என்ன, எத்தனை கிலோ ஈரத்தோலைத் தூக்குகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், கை எந்த இரசாயனத்தில் படுகிறது என்று எழுதிக் கொடுத்து, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று கேளுங்கள். புதிதாகத் தோல் மூடிய கையைச் சுண்ணாம்பு நீரிலும் குரோம் கரைசலிலும் நனைய விடுவது ஆறிய புண்ணை மீண்டும் கிளறுவதாகும்.

மூன்றாவது, பொருத்தமான வேலை. இருபது ஆண்டுகள் தோலைக் கையாண்டவருக்கு விரல் போனாலும் கண்ணறிவு போகவில்லை. தோல்களைத் தரம் பிரிப்பது, அளவு குறிப்பது, கிடங்குக் கணக்கைப் பார்ப்பது, புதியவர்களுக்குத் தொழில் பழக்குவது ஆகியவற்றில் அவரைப் பயன்படுத்தலாம். முதல் இரு வாரங்கள் நான்கு மணி நேரம், பிறகு ஆறு, பிறகு எட்டு என்று மருத்துவரின் சொற்படி உயர்த்தலாம்.

நான்காவது, கூலி. கூலி இன்னதென்று தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இஜாரா எனும் வேலை ஒப்பந்தத்தின் நிபந்தனை. குறைந்த நேர வேலைக்கு என்ன கூலி, எப்போது பழைய கூலி என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதச் சொன்ன மார்க்கம் நம் மார்க்கம். மாதம் ஒருமுறை இருவரும் அமர்ந்து அதைப் பரிசீலியுங்கள்.

ஐந்தாவது, இயந்திரம். கையைப் பறித்த இயந்திரத்திற்குப் பாதுகாப்புத் தடுப்பு பொருத்தாமல், அதே இயந்திரத்தின் முன் அவரை நிறுத்துவது எவ்வகையில் நியாயம்? அடுத்தவரின் கையும் அமானிதம் அல்லவா?

ஆறாவது, சக தொழிலாளர்களின் நாவு. பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் தடுத்துள்ளான். “மூணு விரல்” என்றும் “நொண்டி” என்றும் அழைப்பதை மேஸ்திரிமார் முதல் நாளே கண்டிக்க வேண்டும். கேலிச்சொல்லுக்கு அஞ்சியே வேலையை விட்டவர்கள் உண்டு.

சட்டமும் தக்வாவும்

தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் 1923லும், ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948லும் இயற்றப்பட்டன. 2025 நவம்பர் 21 முதல் இவை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் அடங்கிவிட்டன. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஆலைகள் ஈ.எஸ்.ஐ. திட்டத்திற்குள் வருகின்றன. அதில் பதிவு பெற்றவர் பணியின்போது காயமுற்றால், குணமாகும் வரை கூலியில் ஏறத்தாழ 90 விழுக்காடு உதவித்தொகையாகக் கிடைக்கிறது. சில ஆயிரம் மிச்சப்படுத்துவதற்காக ஒப்பந்தக்காரரின் ஆள் என்று சொல்லிப் பதிவு செய்யாமல் விடுவது, தொழிலாளியின் இந்த ஹக்கைப் பறிப்பதாகும். ஹக்கைப் பறித்துவிட்டுப் பிறகு ஸதகா கொடுப்பதால் அது ஈடாகிவிடாது.

அரசுப் பணியாளர் ஒருவர் பணிக்காலத்தில் ஊனமுற்றால் அவரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது, பழைய பணி இயலாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. அரசாங்கம் தன் ஊழியருக்குச் செய்வதை, அல்லாஹ்வின் முன் நிற்க வேண்டும் என்று நம்புகின்ற நாம் நம் சகோதரருக்குச் செய்ய வேண்டாமா?

“எங்களுடையது சிறிய ஆலை, மாற்று வேலைக்கு எங்கே போவது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஓர் ஆலையில் இல்லாத இடம் அடுத்த ஆலையில் இருக்கும். மஹல்லா ஜமாஅத் முன்வந்து, உரிமையாளர்கள் நான்கு பேரைக் கூட்டிப் பேசினால் ஓர் இடம் கிடைக்காமல் போகாது. ஜமாஅத்தின் வேலை நிகாஹ் பதிவேட்டோடு முடிந்துவிடுவதில்லை.

தொழிலாளியும் குடும்பத்தாரும்

காயமுற்ற சகோதரரே! உங்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஓய்வுச் சான்றிதழின் பேரில் உதவித்தொகையும் பெற்றுக்கொண்டு, அதே நாட்களில் வேறிடத்தில் கூலிக்கும் செல்வது பொய்யாகும். வலி இருந்தால் மறைக்காதீர்கள், இல்லாத வலியைச் சொல்லாதீர்கள். மருத்துவர் சொன்ன கைப்பயிற்சியைத் தொழுகையைப் போல் நேரம் தவறாமல் செய்யுங்கள். உங்கள் கைக்கும் உங்கள் மீது ஹக்கு உண்டு.

இதனைப் படிக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! வீட்டில் அரிசி குறையும்போது “எப்போது வேலைக்குப் போவீர்கள்?” என்ற கேள்வி நாவில் வரத்தான் செய்யும். அவசரத்தில் முன்கூட்டியே அனுப்பினால் அந்தக் கை மறுபடியும் பழுதாகும். மறுபுறம், இரக்கம் மிகுந்து ஒரு வேலையும் செய்யவிடாமல் மூலையில் அமர்த்தினால் மனம் பழுதாகும். கடைக்குச் செல்வதையும், பிள்ளைகளை மத்ரஸாவில் விட்டுவருவதையும் அவரிடமே கொடுங்கள். குடும்பத்தின் தலைவர் தாமே என்பதை அவர் மறக்காமல் இருக்கட்டும்.

அருமைச் சகோதரர்களே!

வேலையாளை அமர்த்தி, முழு உழைப்பையும் பெற்றுக்கொண்டு, கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடப்போவதாக அல்லாஹ் எச்சரித்துள்ளதை ஹதீஸ் குத்ஸியில் காண்கிறோம். கூலியைப் பற்றியே அவ்வளவு கடுமையென்றால், நம் வேலையில் இழந்த விரலைப் பற்றி என்ன விசாரணை இருக்கும் என்று ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்று தொழுது முடித்து வெளியேறும்போது, நம் ஆலையிலிருந்து, நம் கடையிலிருந்து, நம் கட்டட வேலையிலிருந்து காயத்தோடு சென்று திரும்பி வராதவர் யாரேனும் உண்டா என்று நினைத்துப் பாருங்கள். உண்டெனில் அஸருக்கு முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

வல்ல அல்லாஹ் நோயுற்றோருக்கு முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக! உழைப்போரின் கரங்களைப் பாதுகாப்பானாக! நம்மிடம் உழைத்தவர்களின் ஹக்கை நிறைவாகக் கொடுத்தவர்களாக அவனைச் சந்திக்கும் நற்பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.