ஏழு மணிச் சங்கு

சாயங்காலம் ஏழு மணி. கோயிலிலிருந்து சங்கு, அதாவது சைரன், ஊதுகிறது. உடனே வீட்டுக்கு வீடு டிவி அணைகிறது, செல்போன் அலமாரிக்குப் போகிறது. மகாராஷ்டிரத்தில், சாங்லி மாவட்டத்து மோகித்யாஞ்சே வட்காவ் என்கிற கிராமத்தில் 2022 ஆகஸ்டில் தொடங்கிய வழக்கம் இது. எட்டரை மணிக்கு மறுபடி சங்கு ஊதும். அதுவரை பிள்ளைகள் படிக்கலாம், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம்.

கொரோனா காலத்தில் பாடத்துக்காகப் பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்தோம் இல்லையா? பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அது கையை விட்டு இறங்கவில்லை. வகுப்பில் கவனம் நிற்கவில்லை என்று அந்த ஊர் ஆசிரியர்கள் கவலைப்பட்டார்கள். ஊர்த்தலைவர் முதலில் யோசனை சொன்னபோது ஆண்கள் சிரித்தார்களாம். பெண்கள்தான் கூடி முடிவெடுத்தார்கள். ஆசிரியர்களும் ஆஷா சுகாதாரப் பணியாளர்களும் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள்.

ஊரே சேர்ந்து செய்ததுதான் இதில் பெரிய விஷயம். தனியாளாகப் போனோடு மல்லுக்கட்டுவது கஷ்டம். திரையில் ஒரு பக்கம் முடிந்தால்தானே கையை எடுப்போம்? 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் திரையை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக அவரே வருந்தினார்.

நானும் அந்தத் திரையில் சிக்கியவன்தான். என் பேத்தி போன வாரம் தன் ஓவியத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "ம்… நல்லாருக்கு" என்றேன், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "தாத்தா, நீங்க பாக்கவே இல்ல" என்றாள். மஞ்சள் யானை. நேற்றுதான் எடுத்துப் பார்த்தேன். தும்பிக்கையில் ஒரு குடை பிடித்திருந்தது.